பின்னணி மங்க வேண்டும், ஆள் கூர்மையாக நிற்க வேண்டும்: எதை மாற்றினால் நடக்கும்?

கேள்வி இதுதான்: ஏ.பி.எஸ்.-சி எனப்படும், சற்றுச் சிறிய அளவு சென்சார் கொண்ட கேமரா, அதோடு வந்த 18–55 மி.மீ கிட் லென்ஸ். எஃப் எண் குறையக் குறையப் பின்னணி மங்கும் என்று கேள்விப்பட்டு, அந்த லென்ஸ் தரும் மிகக் குறைந்த எண்ணான எஃப் 3.5-ஐ வைத்து ஆளை எடுத்தாயிற்று. ஆனாலும் பின்னால் இருக்கும் சுவரின் கீறல்கூடத் தெளிவாக விழுகிறது. 50 மி.மீ எஃப் 1.8 லென்ஸ் வாங்கினால் தீருமா?

வாங்கினால் பலன் உண்டு. ஆனால் ஆளைச் சுவரோரமாகவே நிறுத்தினால், அந்த லென்ஸின் பலனில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். கையில் இருக்கும் கிட் லென்ஸை வைத்தே இப்போது கிடைப்பதைப் போல மூன்று மடங்கு மங்கல் எடுக்க முடியும். இதை வாய்வார்த்தையாகச் சொல்லாமல் கணக்காகவே காட்டிவிடலாம். கணக்கு சின்னதுதான், ஒருமுறை பிடிபட்டுவிட்டால் எந்த லென்ஸ், எந்த இடம் என்றாலும் படம் எடுப்பதற்கு முன்பே விளைவு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எஃப் எண் பாதிக் கதைதான்

எஃப் எண் ஓர் அளவு அல்ல, ஒரு விகிதம். லென்ஸின் குவிய நீளத்தை (18, 55 என்று மி.மீ-இல் லென்ஸில் போட்டிருக்கும் எண்) அதன் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். ஆகவே குவிய நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். லென்ஸை முன்புறமிருந்து பார்க்கும்போது உள்ளே தெரியும் ஒளி வட்டம்தான் அந்த விட்டம்.

கிட் லென்ஸில் 18 மி.மீ, எஃப் 3.5 என்றால் துளை சுமார் 5 மி.மீ. அதே லென்ஸை 55-க்கு ஜூம் செய்தால் எஃப் எண் தானாக 5.6 ஆகிவிடும்; எண் பெரிதாகிவிட்டதே என்று தோன்றும், ஆனால் துளை சுமார் 10 மி.மீ-க்கு வளர்ந்திருக்கும். 50 மி.மீ எஃப் 1.8-இல் 28 மி.மீ. 85 மி.மீ எஃப் 1.8-இல் 47 மி.மீ. 200 மி.மீ எஃப் 2.8-இல் 71 மி.மீ. பலரிடம் இருக்கும் 55–250 ஜூமின் நீளமான முனையில், எஃப் 5.6-இல்கூட 45 மி.மீ இருக்கிறது.

இந்த விட்டம் ஏன் முக்கியம் என்றால், பின்னணியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் படத்தில் ஒரு வட்டமாக விரிகிறது. அந்த வட்டம் எவ்வளவு பெரியது என்பதை, ஆள் நிற்கும் இடத்தில் அளவுகோல் வைத்து அளப்பதாக எண்ணிக்கொண்டால் கணக்கு மிக எளிது:

மங்கல் வட்டம் = துளையின் விட்டம் × (ஆளிடமிருந்து பின்னணிக்கு உள்ள தூரம் ÷ கேமராவிலிருந்து பின்னணிக்கு உள்ள தூரம்)

பின்னணி கண்ணுக்கெட்டாத தொலைவில் இருந்தால் அந்த வகுத்தல் 1-ஐ நெருங்கும். அப்போது வட்டம் துளையின் விட்டத்துக்குச் சமம். அதைத் தாண்டி வளராது. ஆளோடு ஒட்டிய பின்னணி என்றால் 0-ஐ நெருங்கும். எப்பேர்ப்பட்ட லென்ஸாலும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது கேள்வியில் சொன்ன நிலைமைக்கு வருவோம். 18 மி.மீ-இல், ஆள் 1 மீட்டர் தள்ளி, சுவர் அவருக்குப் பின்னால் 1 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். 5.1 × 1/2 = சுமார் 2.5 மி.மீ. ஒருவரின் இரு கண்மணிகளுக்கு இடையே ஏறக்குறைய 6 செ.மீ இருக்கும், அதற்குப் பக்கத்தில் 2.5 மி.மீ என்பது மங்கல் என்றே தோன்றாது. கீறல் தெரியத்தான் செய்யும்.

சரி, 55 மி.மீ-க்கு ஜூம் செய்து, ஆள் அதே அளவில் தெரியும்படி அவரிடமிருந்து 3 மீட்டர் தூரத்துக்குப் பின்னால் வந்தால்? 9.8 × 1/4 = மறுபடியும் சுமார் 2.5 மி.மீ! துளை இரு மடங்கானதன் லாபத்தை, பின்னால் நகர்ந்த தூரம் அப்படியே விழுங்கிவிட்டது. “ஜூம் பண்ணி எடுங்கள்” என்ற அறிவுரையைக் கேட்டுச் செய்தும் பலன் காணாதவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

அதே 55 மி.மீ, எஃப் 5.6. இந்த முறை ஆளைச் சுவரிலிருந்து விலக்கி, பின்னணி 10 மீட்டர் பின்னால் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். 9.8 × 10/13 = 7.5 மி.மீ. மூன்று மடங்கு. செலவு ஒன்றும் இல்லை.

இனி 50 மி.மீ எஃப் 1.8-ஐ அந்தப் பழைய சுவருக்கு முன்னால் கொண்டுபோவோம். அதே ஃப்ரேமுக்கு 2.8 மீட்டரில் நிற்க வேண்டும்: 27.8 × 1/3.8 = 7.3 மி.மீ. அதாவது புது லென்ஸ் சுவரோரத்தில் தருவதை, பழைய லென்ஸ் திறந்தவெளியில் தந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்து, புது லென்ஸோடு பின்னணியையும் 10 மீட்டருக்குத் தள்ளினால் 27.8 × 10/12.8 = 21.7 மி.மீ. இணையத்தில் பார்த்து ஆசைப்படும் மங்கல் இந்த அளவிலிருந்துதான் தொடங்குகிறது.

குத்துமதிப்பாக இடுப்பளவுப் படத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: வட்டம் 5 மி.மீ-க்குக் கீழே என்றால் பின்னணி கலங்கலாகத் தெரியுமே தவிர மங்காது. பார்ப்பவருக்கு அது ஃபோகஸ் பிழை போலவும் படலாம். 15–20 மி.மீ-இல் உருவங்கள் மென்மையாகி ஆள் தனித்து நிற்பார். 40-ஐத் தாண்டினால் பின்னணி வெறும் நிறங்களாகிவிடும்.

நீள லென்ஸும் அகலத் துளையும் ஒன்றல்ல

85 மி.மீ எஃப் 1.8-இன் துளை 47 மி.மீ, 250 மி.மீ எஃப் 5.6-இன் துளை 45 மி.மீ. அப்படியானால் இரண்டும் ஒரே மாதிரிப் படத்தைத் தருமா? தராது. இந்த வேறுபாடு பெரும்பாலும் யாரும் விளக்காமல் விட்டுவிடுவது, அதனால் சற்று நின்று பார்ப்போம்.

வெகு தொலைவில் எரியும் விளக்குகள் இரண்டு படங்களிலும் ஒரே அளவு வட்டங்களாகத்தான் விழும். ஆனால் ஆளை ஒரே அளவில் காட்ட, 250-ஐ வைத்திருப்பவர் மூன்று மடங்கு பின்னால் போயிருப்பார். அங்கிருந்து பார்க்கும்போது பின்னணியில் உள்ள மரமும் கட்டடமும் ஆளோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். வட்டம் அதே அளவு, பொருள் மூன்று மடங்கு. ஆகவே மரம் மங்கினாலும் மரமாகவே அடையாளம் தெரியும். 85-இல் அதே மரம் சின்னதாகி, அந்த வட்டங்களுக்குள் கரைந்துபோகும். ஒரு பொருளை அடையாளம் தெரியாமல் கரைக்கும் வேலையை, ஃப்ரேம் ஒன்றாக இருக்கும் வரை, எஃப் எண்ணும் ஆளுக்கும் அந்தப் பொருளுக்கும் இடையே உள்ள தூரமும்தான் செய்கின்றன. குவிய நீளம் செய்வதில்லை. பின்னால் ஒரு பெயர்ப்பலகை இருந்து அதன் எழுத்து படிக்க முடியாமல் போக வேண்டும் என்றால் ஜூம் செய்து பயனில்லை. துளையைத் திறங்கள், அல்லது ஆளை முன்னால் நகர்த்துங்கள்.

நீள லென்ஸுக்கு வேறொரு பலம் உண்டு. அது பின்னணியின் சிறு பகுதியை மட்டுமே உள்ளே எடுக்கும். ஓரடி நகர்ந்தாலே ஆளின் தலைக்குப் பின்னால் இருக்கும் மின்கம்பம் போய், ஒரே நிறப் புதர் வந்துவிடும். அகலத் துளை இல்லாதவர்களுக்கு இதுவே பெரிய ஆயுதம்.

பின்னணி ஆளுக்கு அருகிலேயே இருக்கும் இடங்களில் கணக்கு தலைகீழாகும். 85-ஐ வைத்து 2 மீட்டரில் நின்று எடுக்கும்போது பின்னணி 2 மீட்டர் பின்னால் இருந்தால் வட்டம் 23.5 மி.மீ. அதே ஃப்ரேமுக்கு 250-உடன் 5.9 மீட்டர் போனால் வெறும் 11 மி.மீ. வீட்டு அறைக்குள், மண்டபத்துக்குள் அகலத் துளை ப்ரைம் லென்ஸ் (ஜூம் ஆகாத லென்ஸ்) ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

முழு உருவப் படங்கள் ஏன் ஏமாற்றுகின்றன

ஒரே லென்ஸ், ஒரே எஃப் எண், ஒரே இடம். முகத்தை எடுத்தால் பின்னணி அழகாகக் கரைகிறது. தலை முதல் கால் வரை எடுத்தால் எல்லாமே தெரிகிறது. காரணம் இதுவரை பார்த்த அதே வட்டம்தான். 85 எஃப் 1.8-இல் அது அதிகபட்சம் 47 மி.மீ. முகம் நிறைந்த படத்தில் ஃப்ரேமின் உயரம் 30 செ.மீ என்றால், அதில் 47 மி.மீ ஆறில் ஒரு பங்கு. முழு உருவத்துக்கு ஃப்ரேம் 2 மீட்டர் உயரம் வேண்டும்; அதே 47 மி.மீ அங்கே நாற்பதில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. முழு உருவத்திலும் ஆள் பிரிந்து தெரிய வேண்டுமானால் துளை 70 மி.மீ அளவுக்குப் போக வேண்டும்: 200 எஃப் 2.8, 135 எஃப் 1.8, 85 எஃப் 1.2 போன்றவை. இவை இல்லையென்றால் ஃப்ரேமை இடுப்போடு நிறுத்துவதே நல்லது.

முழு உருவத்தில் இன்னொரு சிக்கல், தரை. ஆளின் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் தரை மங்காது, மங்கவும் முடியாது. கேமராவை நெஞ்சு உயரத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் தரை ஒரு மெல்லிய பட்டையாகச் சுருங்கி, ஆளின் பின்னால் தொலைதூரம் வந்து உட்காரும். குழந்தைகளையும் செல்லப்பிராணிகளையும் எடுக்கும்போது இது இன்னும் முக்கியம். மேலிருந்து கீழ் நோக்கி எடுத்தால் அவர்களின் பின்னணியே தரைதான்.

மங்கல் வேறு, கூர்மையின் ஆழம் வேறு

எஃப் 1.8-இல் எடுத்தால் ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மங்கலாகவும் வருகிறது என்ற புகார் அடுத்து வரும். ஃபுல் ஃப்ரேமில் (ஏ.பி.எஸ்.-சியைவிடப் பெரிய சென்சார்) 85 எஃப் 1.8, 2 மீட்டரில் வைத்தால் முன்னும் பின்னும் சேர்த்துக் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 6 செ.மீ. 1 மீட்டருக்கு நெருங்கினால் 1.5 செ.மீ-க்கும் குறைவு. முகத்தைக் கொஞ்சம் திருப்பினாலே இரு கண்களும் அதற்குள் அடங்காது.

இங்கே பலரும் பின்னணிக்காக முகத்தைப் பலி கொடுக்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. ஒரே ஃப்ரேமுக்குக் கூர்மையின் ஆழத்தைப் பெரும்பாலும் எஃப் எண்தான் தீர்மானிக்கிறது; தொலைவில் உள்ள பின்னணியின் வட்டத்தைத் துளையின் விட்டம் தீர்மானிக்கிறது. 200 மி.மீ எஃப் 4 எடுத்துக்கொள்ளுங்கள். துளை 50 மி.மீ, அதாவது 85 எஃப் 1.8-ஐவிட ஒரு பிடி அதிகம். ஆனால் அதே ஃப்ரேமில் (4.7 மீட்டர் தூரம்) ஆழம் சுமார் 12–13 செ.மீ. மூக்கு நுனியிலிருந்து காது வரை கூர்மை, தொலைவுப் பின்னணி அதே வட்ட அளவில் மங்கல். நின்று எடுக்க இடமிருக்கும் வெளிப்புறப் படங்களுக்கு இது என் முதல் தேர்வு.

இரண்டு பேர் என்றால் இருவரின் கண்களும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி நிறுத்தி, எஃப் 2.8 அல்லது 4-க்குப் போங்கள். ஒருவர் அரையடி பின்னால் நின்றாலும் எஃப் 1.8 அவரைக் கைவிட்டுவிடும். குறைந்த மங்கலை ஈடுகட்ட, இருவரையும் பின்னணியிலிருந்து இன்னும் சில அடிகள் முன்னால் கூட்டி வாருங்கள்.

எடுக்கும்போது செய்ய வேண்டியவை

டயலை அபர்ச்சர் முன்னுரிமைக்கு (எஃப் எண்ணை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்ந்தெடுக்கும் முறை) திருப்புங்கள், கேனனில் ஏ.வி., பிறவற்றில் பெரும்பாலும் ஏ. முதலில் குவிய நீளத்தை முடிவு செய்யுங்கள், பிறகு எஃப் எண்ணை அந்த நீளத்தில் கிடைக்கும் ஆகக் குறைந்ததற்கு இறக்குங்கள். கிட் லென்ஸில் 18-இல் நின்றுகொண்டு 3.5-ஐக் காப்பாற்ற நினைப்பதைவிட, பின்னணி தூரமாக இருக்கும்போது 55-இல் 5.6-ஐ ஏற்றுக்கொள்வதே லாபம். 18-இல் நெருங்கிப் போய் எடுத்தால் மூக்கும் பெரிதாகத் தெரியும். முகத்துக்கு 1.5 மீட்டருக்கு உள்ளே போகாமல் இருப்பது நல்லது. முகத்தின் அளவுகள் இயல்பாக நிற்கும்.

நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, எஃப் 1.8 வைத்தால் சரியான ஷட்டர் வேகம் 1/8000 நொடியை ஒட்டி வரும். 1/4000-ஓடு நின்றுவிடும் கேமராவில் படம் ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இரு மடங்காகி, வெளுத்துப்போகும். அபர்ச்சர் முன்னுரிமையில் ஷட்டர் எண் மினுக்கி எச்சரிக்கும், அதைக் கவனிக்காமல் விடுவதால்தான் முகம் வெளிறுகிறது. நிழலுக்கு நகருங்கள், முகத்துக்கும் அது நல்லது. முடியாவிட்டால் ஒளியை மூன்று ஸ்டாப் குறைக்கும் என்.டி. 8 ஃபில்டர் மாட்டினால் 1/1000-க்கு இறங்கிவிடும். ஃப்ளாஷ் சேர்த்தால் சிங்க் வேகம் (ஃப்ளாஷோடு வைக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/200 அல்லது 1/250-இல் கட்டிப்போடும். அப்போது ஹை-ஸ்பீட் சிங்க் (அதைவிட வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷை இயங்கவைக்கும் வசதி) அல்லது இன்னும் அடர்ந்த என்.டி. ஃபில்டர் தேவை.

மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) வைத்திருப்பவர்கள் மெனுவில் ஒன்றைப் பாருங்கள். எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் ஷட்டர் (திறப்பதை மட்டும் மின்னணு முறையில் செய்யும் ஷட்டர்) இயங்கிக்கொண்டிருந்தால், அகலத் துளையோடு 1/2000 போன்ற வேகங்களில் விளக்கு வட்டங்களின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு விழும், மங்கலும் குறையும். அந்த வேகங்களுக்கு முழு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். லென்ஸ் கெட்டுவிட்டது என்று சந்தேகப்படுவதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டியது இது.

டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே அந்தக் கண்ணாடி உள்ள கேமரா) வ்யூஃபைண்டரும் ஒரு வகையில் ஏமாற்றும். அதன் வழக்கமான ஃபோகஸ் ஸ்கிரீன் எஃப் 2.8-ஐ ஒட்டிய மங்கலுக்கு மேல் காட்டாது, எஃப் 1.4-இல் எடுத்தாலும் கண்ணில் தெரிவது குறைவாகவே இருக்கும். உண்மையான விளைவைப் பின்திரையில், லைவ் வ்யூவில் பாருங்கள்.

ஃபோகஸ் எங்கே தவறுகிறது

கண் கண்டறியும் ஆட்டோஃபோகஸ் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணைத் தேர்ந்தெடுக்க வையுங்கள். இல்லையென்றால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸ், அந்தப் புள்ளியைக் கண் மேல் நகர்த்தி வைக்க வேண்டும். எல்லாப் புள்ளிகளையும் கேமராவிடம் விட்டுவிட்டால் அது பெரும்பாலும் அருகில் உள்ள மூக்கையோ கையையோ பிடிக்கும்.

நடுப் புள்ளியில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பி ஃப்ரேம் அமைப்பது பழைய பழக்கம். எஃப் 8-இல் அது பாதகமில்லை. எஃப் 1.8-இல் 1.5 மீட்டர் தூரத்தில் கேமராவை 15 டிகிரி திருப்பினால், கூர்மையின் தளம் கண்ணுக்குப் பின்னால் சுமார் 5 செ.மீ விலகிவிடும். 85 மி.மீ-இல் அங்கே மொத்த ஆழமே 3 செ.மீ-தான். கண் மங்கலாகவும் காது கூர்மையாகவும் வரும் படங்களில் பெரும் பகுதி இப்படி உண்டானவை.

ஆளும் ஆடுவார், கேமரா பிடித்தவரும் ஆடுவார், ஓரிரு செ.மீ போதும் படம் கெட. அதனால் அசையாமல் நிற்கும் ஆளுக்கும் தொடர் ஃபோகஸ் முறையே (ஃபோகஸை விடாமல் திருத்திக்கொண்டிருக்கும் முறை) பாதுகாப்பு. மூன்று நான்கு படங்களாக எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், திரையின் சின்னப் படத்தில் எல்லாமே கூர்மையாகத்தான் தோன்றும். டி.எஸ்.எல்.ஆரில் எப்போதும் ஒரே திசையில், முன்னாலோ பின்னாலோ, தவறுகிறது என்றால் லென்ஸும் உடலும் ஒத்துப்போகவில்லை, மெனுவில் ஏ.எஃப். (ஆட்டோஃபோகஸ்) நுண்திருத்தம் இருந்தால் அதில் சரிசெய்யலாம், இல்லையென்றால் லைவ் வ்யூவில் ஃபோகஸ் செய்யலாம். மிரர்லெஸில் சென்சாரே ஃபோகஸைப் பார்ப்பதால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

மங்கலின் தரம்

எவ்வளவு மங்கியது என்பது ஒன்று, எப்படி மங்கியது என்பது இன்னொன்று. இலைகளுக்கு நடுவே வானம் எட்டிப் பார்க்கும் பின்னணி, காய்ந்த புல், குச்சிக் கிளைகள் — இவை எந்த லென்ஸையும் சோதிக்கும். ஒவ்வொரு கிளையும் இரட்டைக் கோடாகி, பின்னணி மங்கியும் அமைதியில்லாமல் இருக்கும். லென்ஸின் கோளப் பிறழ்வை (நடுவிலும் விளிம்பிலும் வரும் ஒளி ஒரே இடத்தில் குவியாத குறை) அளவுக்கு மீறித் திருத்தியிருந்தால் பின்னணி வட்டங்களுக்கு விளிம்பில் வெளிச்ச வளையம் வரும். சற்றுக் குறைவாகத் திருத்தியிருந்தால் பின்னணி மென்மையாகவும் முன்னால் இருப்பது கரடுமுரடாகவும் ஆகும். வட்டங்களுக்குள் குறுக்கே வெட்டிய வெங்காயத்தில் இருப்பது போன்ற வளையங்கள் தெரிந்தால் அது ஆஸ்ஃபெரிகல் (கோள வடிவமல்லாத வளைவு கொண்ட) கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய தடங்களால். ஃப்ரேமின் ஓரங்களில் வட்டங்கள் பூனைக்கண்ணாகக் குறுகுவது, சாய்வாக வரும் ஒளியை லென்ஸின் குழாய் வெட்டுவதால். ஒரு ஸ்டாப் மூடினால் குறையும், ஆனால் துளையை மூடும் ப்ளேடுகள் குறைவான லென்ஸில் அப்போது வட்டம் பலகோணமாகிவிடும். 1840-இல் ஜோசஃப் பெட்ஸ்வால் உருவாக்கிய உருவப்பட லென்ஸும், பின்னாளில் சோவியத்தில் வந்த ஹீலியோஸ் 44-2-உம் பின்னணியைச் சுழலவைப்பதற்காக இன்றும் தேடப்படுகின்றன.

இவற்றுக்காக லென்ஸ் மாற்றுவதற்கு முன்னால் பின்னணியை மாற்றுங்கள். ஆளைவிட ஒரு ஸ்டாப்பாவது இருண்ட, ஒரே நிறக் குடும்பத்தைச் சேர்ந்த, தூரமான பின்னணி எஃப் 5.6-இல்கூட மென்மையாக இருக்கும். வெளிச்சப் புள்ளிகள் வேண்டுமென்றால் அவை சின்னதாகவும் பிரகாசமாகவும், சுற்றிலும் இருட்டாகவும் இருக்க வேண்டும். அந்தி வேளையில் தூரத்து விளக்குகள் இதற்கு ஏற்றவை.

முன்னால் இருப்பதை மறந்துவிடாதீர்கள். பின்னணியின் வட்டம் துளையைத் தாண்டி வளராது என்று பார்த்தோம். முன்புறத்துக்கு அந்த எல்லை இல்லை. ஆள் 2 மீட்டரில் இருக்க, லென்ஸிலிருந்து 20 செ.மீ-இல் ஓர் இலையைப் பிடித்தால் அதன் மங்கல் துளையைப் போல ஒன்பது மடங்கு. கிட் லென்ஸின் 10 மி.மீ துளைகூட அங்கே 9 செ.மீ வட்டம் போடும். இலை வெறும் பச்சைப் படலமாகிவிடும். பின்னணியை மங்கச் செய்ய முடியாத இடத்தில் ஆழத்தை உண்டாக்க இதைவிட மலிவான வழி இல்லை.

எந்த லென்ஸ்

ஏ.பி.எஸ்.-சி கேமராவுக்கு 50 மி.மீ எஃப் 1.8 நல்ல முதல் வாங்கல்தான்; ஃபுல் ஃப்ரேமில் 75–80 மி.மீ தரும் கோணம், உருவப்படத்துக்குப் பொருத்தம். 35 எஃப் 1.8-ஐ மங்கலுக்காக வாங்க வேண்டாம். அதன் துளை 19 மி.மீ மட்டுமே, சின்ன அறைக்குள் எடுக்க வேறு வழியில்லை என்றால் சரி. 55–250 ஏற்கெனவே இருந்தால் திறந்தவெளியில் அதன் 250 முனையை முதலில் தீர்க்கமாகப் பயன்படுத்திப் பாருங்கள். ஃபுல் ஃப்ரேமுக்கு மாறினால் தானாக மங்கும் என்பது நேரடியாக உண்மையல்ல. சென்சார் மங்கச் செய்வதில்லை. அதே கோணத்துக்கு அங்கே நீளமான லென்ஸ் மாட்டுவதால் துளை பெரிதாகிறது. ஃபுல் ஃப்ரேமின் 85 எஃப் 1.8-க்கு ஈடாக ஏ.பி.எஸ்.-சியில் 56 எஃப் 1.2 வேண்டும், இரண்டுக்கும் துளை 47 மி.மீ.

அகல ஃப்ரேமும் வேண்டும், கரைந்த பின்னணியும் வேண்டும் என்றால் புகைப்படக் கலைஞர் ரயன் ப்ரெனைசர் பரப்பிய ஒட்டுப்பட முறை இருக்கிறது. 85 எஃப் 1.8-ஐ வைத்து ஆளில் தொடங்கிச் சுற்றிலும் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டினால், 35 மி.மீ எஃப் 0.75 போன்ற, கடையில் கிடைக்காத லென்ஸின் படம் வரும். ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிப் பூட்டுங்கள். எக்ஸ்போஷரும் வெள்ளைச் சமநிலையும் அப்படியே. மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். ஆளை முதலில் எடுத்து முடித்துவிட்டால் பிறகு அவர் அசையலாம்; கை, முடி போன்ற இடங்களில் ஒட்டு விழாமல் ஆளை ஒன்றிரண்டு படங்களுக்குள்ளேயே அடக்குங்கள்.

கைபேசியில்

பெரும்பாலான கைபேசிகளின் முதன்மைக் கேமராவில் உண்மையான குவிய நீளம் 6–7 மி.மீ அளவுதான், எஃப் 1.8 என்றாலும் துளை 4 மி.மீ-ஐத் தாண்டுவதில்லை. ஆளை எடுத்தால் வட்டம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 3 செ.மீ பூ ஒன்றை 10 செ.மீ-இல் நெருங்கி எடுத்தால், அந்த 4 மி.மீ பூவின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கு. மங்கல் இயல்பாகவே வந்துவிடும். சிறிய பொருட்களுக்குப் போர்ட்ரெய்ட் மோட் (பின்னணியை மென்பொருளால் மங்கவைக்கும் வசதி) தேவையில்லை.

ஆளுக்குத் தேவை. 2016-இல் ஐஃபோன் 7 ப்ளஸ் இரண்டு கேமராக்களின் பார்வை வேறுபாட்டிலிருந்து ஆழத்தைக் கணித்தது. 2017-இல் கூகுளின் பிக்சல் 2 கைபேசி ஒரே கேமராவின் இரட்டைப் பிக்சல்களையும் பயிற்சி பெற்ற மென்பொருளையும் வைத்து அதையே செய்தது. எந்த முறையானாலும் தவறும் இடங்கள் ஒன்றே: பறக்கும் முடி, மூக்குக்கண்ணாடியின் விளிம்பு, இடுப்பில் கை வைத்தால் உண்டாகும் இடைவெளி, கையில் பிடித்த பொருள். முடியின் நிறத்திலிருந்து வேறுபட்ட, ஒழுங்கான பின்னணி, நல்ல வெளிச்சம், ஆளுக்கும் பின்னணிக்கும் நடுவே சில மீட்டர் இருந்தால் பிழைகள் வெகுவாகக் குறையும். எடுத்த பிறகு மங்கலின் அளவைக் குறைக்கும் ஸ்லைடரைத் திறந்து, எஃப் 4 அல்லது 5.6-க்குக் கொண்டுபோங்கள், எஃப் 1.4-இல் அப்பட்டமாகத் தெரியும் வெட்டு விளிம்புகள் அங்கே மறைந்துவிடும்.

கணினியில் பின்னணியைத் தனியாகப் பிரித்து மங்கச் செய்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். சாதாரண காசியன் மங்கல் ஆளின் நிறத்தையும் இழுத்துக் கலந்து, அவரைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் போட்டுவிடும். முதலில் பின்னணி லேயரில் ஆளை அழித்து அந்த இடத்தை நிரப்பிவிட்டு மங்கச் செய்தால் அது வராது. இரண்டாவது, பின்னணி முழுவதையும் ஒரே அளவில் மங்கச் செய்யக் கூடாது. பாதத்தருகே தரை கூர்மையாகத் தொடங்கி, தூரம் போகப் போகத்தான் மங்க வேண்டும். அந்தச் சரிவை மாஸ்க்கில் கிரேடியன்ட்டாக வரைந்தால்தான் ஆள் தரையில் நிற்பார், வெட்டி ஒட்டியது போல மிதக்க மாட்டார்.